முதல் வீடு

ஆன்லைன் கிடங்கின் ரிட்டன் பிரிவைத் தேடி யாரும் நேரில் வருவதில்லை. கேட்டில் ஒரு பெண் நிற்கிறாள் என்று செக்யூரிட்டி கூப்பிட்டபோது, யாரோ சொந்தக்காரி என்று நினைத்துத்தான் அழகுமீனா போனாள்.

நின்றவளை அவளுக்குத் தெரியாது. முப்பது வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. கப்பலூர் வெயிலில் வெகுநேரம் நின்றிருப்பாள் போல, முகம் கன்றியிருந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“என் பேர் ஜெசிந்தா. திண்டுக்கல்ல இருந்து வர்றேன். ஒரு தொட்டில் திருப்பி அனுப்பியிருந்தேன். அதோட நம்பர் முடிஞ்சுபோச்சுன்னு காட்டுது.”

“எப்ப அனுப்புனீங்க?”

“தவக்காலத்துக்கு முன்னாடி.”

அழகுமீனா போனை வாங்கிப் பார்த்தாள். தயாரிப்பு: கோவை. முதல் வீடு: திண்டுக்கல், மேட்டுப்பட்டி. திரும்பி வந்த இடம்: கப்பலூர் கிடங்கு. கடைசி வரி சாம்பல் நிறத்தில் இருந்தது. எண் முடிவுற்றது.

முன்பெல்லாம் ஒரு ரகத்துக்கு ஒரு எண். ஒரே அச்சில் வந்த ஆயிரம் தொட்டிலுக்கும் ஒரே பார்கோடு. போலிச் சரக்கை ஒழிக்கவென்று புதுச் சட்டம் வந்தபின், ஆன்லைனில் விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண். எங்கே பிறந்தது, எந்த ஊருக்குப் போனது, ஏன் திரும்பியது, எப்போது அழிந்தது என்று போனைக் காட்டி யாரும் படிக்கலாம். எழுதிய வரியை அழிக்க முடியாது.

“பிள்ளை போயிருச்சு” என்றாள் ஜெசிந்தா. பஸ் போய்விட்டது என்பதைப் போலத்தான் சொன்னாள். “கண்ணு முன்னாடி அது இருக்கக் கூடாதுன்னு அனுப்பிட்டேன். அப்புறம் தினம் சாயங்காலம் நம்பரைப் போட்டுப் பார்ப்பேன். ‘கப்பலூர் கிடங்கில் உள்ளது’ன்னு வரும். சரி, அங்க இருக்குன்னு போனை வச்சிருவேன். போன வாரம் பார்த்தா இப்பிடி. ஹெல்ப்லைன்ல கேட்டா, முடிஞ்சா முடிஞ்சதுதான் மேடம்ங்கிறாங்க.”

“என்ன செய்யணும்ங்கறீங்க?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம். தொட்டில் இருக்கா, இல்லையா? அது மட்டும் சொல்லுங்க. உங்களுக்கு அடையாளம் தெரியும். காலு நாலும் ஒண்ணுபோல இருந்து மாட்டுறப்ப குழம்புச்சு. அதனால நெயில் பாலிஷ்ல புள்ளி வச்சிருந்தேன். முதல் காலுக்கு ஒரு புள்ளி, அடுத்ததுக்கு ரெண்டு, அப்பிடி. மெரூன் கலர்.”

அழகுமீனாவுக்கு அந்தப் புள்ளிகள் ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது.

“குழந்தைங்க சாமான் ஒரு வீட்டுக்குப் போயிட்டு வந்தா மறுபடி விக்கக் கூடாதும்மா. சட்டம். நொறுக்கியாச்சு.”

“மிஷின்லயா?”

“ஆமா.”

“நீங்க பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

ஜெசிந்தா மெல்லத் தலையாட்டினாள். “பொதைச்சது ஒண்ணு. நொறுக்குனது ஒண்ணு” என்றாள். பிறகு, ஏதாவது மாறித் தெரிந்தால் கூப்பிடுங்கள் என்று தன் போனை அழகுமீனாவின் போனோடு தொட்டு நம்பரைக் கொடுத்தாள்.

“நீங்களாச்சும் எந்திரிச்சு வந்து பதில் சொன்னீங்க. நன்றிங்க.”

அந்த நன்றி அழகுமீனாவோடு கிடங்கு வரை வந்தது.

அவளோடு வேலை பார்க்கும் பானு, மேசையில் சூடான காற்று ஊதும் ஹீட் கன்னைப் பிடித்து ஒரு மிக்ஸியின் அடியில் காட்டிக்கொண்டிருந்தாள். லேபிள் இளகி ஓரம் தூக்கியது. நகத்தால் உரித்தாள். தின்னர் தொட்ட துணியால் துடைத்தாள். பிரிண்டர் புது லேபிளைத் துப்பியது. ஒட்டினாள். மிக்ஸி பிறந்தது.

“யாரு மீனா? உன் மாமியா வீட்டாளுகளா?”

“தொட்டில் கேட்டு ஒரு பொண்ணு.”

“கம்ப்ளெய்ண்ட்டா?”

“இல்ல. இருக்கா இல்லையான்னு கேட்டா. நொறுக்கியாச்சுன்னு சொல்லிட்டேன்.”

“அதத்தான சொல்லணும். பின்ன, காலிப் பெட்டிய நொறுக்கிட்டு சரக்குக்கு வேற நம்பர் ஒட்டுறோம்னா சொல்லுவ?” பானு அடுத்த பெட்டியை இழுத்தாள். “நம்ம என்ன கொலையா பண்றோம். கம்பெனிக்காரன் லட்சம் நம்பர் வாங்குறான், முக்கால் லட்சம் சாமான்தான் செய்றான். மிச்ச நம்பர் பொறக்காமலே கெடக்கு. அதுல ஒண்ணை எடுத்துச் செத்ததுக்குக் குடுக்குறோம். மறுபிறப்பு. கோயில்ல போய்க் கேட்டாக்கூட இந்த வசதி கெடையாது.”

“ஒரு வீட்டுக்குப் போய் வந்ததுன்னு தெரிஞ்சா?”

“தெரிஞ்சா எவன் வாங்குவான்? பெட்டியப் பிரிக்காம திருப்பினதக்கூட வாங்க மாட்டேங்கிறான். ஊரே அப்பிடி ஆயிருச்சு. அதான் நமக்குச் சோறு.”

அவர்கள் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்கேன் செய்ததும் திரையின் கீழ்வரியில் திருப்பிய காரணம் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அழகுமீனா அதைப் படித்தாள். சக்கர நாற்காலிகள், கல்யாணப் பட்டுகள், பள்ளிக்கூடப் பைகள். மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் பானு வந்து பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பில் ஒரு துண்டு கிழித்து அந்த வரியின் மேல் ஒட்டினாள். அதன்பின் எல்லா மேசைகளிலும் ஒட்டினார்கள். சூப்பர்வைசர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. டேப் பழசாகி உரிந்தால் யாராவது புதிதாக ஒட்டிவிடுவார்கள்.

“ஏ பானு, அந்தத் தொட்டில் கால்ல மெரூன் கலர்ல புள்ளி இருந்துச்சா?”

“நல்லாக் கேட்ட போ. தினம் ஒரு லாரி எறங்குது. இவ ஒரு தொட்டில்ல புள்ளியக் கேக்குறா.”

தம்பி பிரவின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பெயர் வைப்பு. முறைப்படி அத்தைதான் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, காதில் பெயரைச் சொல்ல வேண்டும். தொட்டிலும் தன்னுடையதாக இருக்கட்டும் என்று அழகுமீனாவே ஆர்டர் போட்டிருந்தாள். பணியாளர் சலுகை உண்டு. தேக்கு நிறம், ஆட்டினால் சத்தம் வராத வகை. பெட்டி வந்ததும் பிரவின் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினான். புதிது. முதல் வீடு: மதுரை, ஆனையூர். அவள் அதை இரண்டு தரம் படித்துவிட்டு நிம்மதியாகப் போனை வைத்தாள்.

எந்த மேசையில் அந்த வரி எழுதப்படுகிறது என்று அறிந்தவள் அவள். அவளும் படித்து நிம்மதி அடைந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஆனையூர் போனபோது பிரவின் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தொட்டிலை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி தர்ஷினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

“வாங்க மதினி. உங்க தம்பி இன்னைக்கு இன்ஜினியர் ஆயிட்டாரு.”

“ஏன், ஆக மாட்டனா? போன தடவை அந்தக் கட்டிலுக்கு ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டேன். இது பத்தே நிமிஷம்.” பிரவின் தொட்டில் கால் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். “கம்பெனிக்காரனுக்கு இப்பத்தான்க்கா புத்தி வந்துருக்கு. எந்தக் கால் எங்கேன்னு புள்ளி வச்சே அனுப்பியிருக்கான், பாரு.”

மூன்று புள்ளிகள். மெரூன். ஒன்று சற்றே கோணியிருந்தது. சின்னத் தூரிகையை அவசரமாக வைத்து எடுத்த கை தெரிந்தது.

இப்போது ஞாபகம் வந்தது. இதே தொட்டில் காலை அவள் கையில் பிடித்திருக்கிறாள். தின்னரை எடுத்துவிட்டு, இது தொழிற்சாலைக் குறியாகத்தான் இருக்கும், இருந்தால் நல்லதுதான் என்று துணியைக் கீழே வைத்திருக்கிறாள்.

“என்னக்கா, அப்பிடிப் பாக்குற?”

“ஒண்ணுமில்ல. மாட்டு.”

அவன் மாட்டி முடித்தான். கையால் ஒரு தள்ளு தள்ளினான். தொட்டில் சத்தமில்லாமல் ஆடியது. தர்ஷினி சிரித்துக்கொண்டு பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

“சும்மா ஒரு தடவ படுக்க வச்சுப் பார்ப்போமா மதினி?”

“வேணாம்.”

குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளை விழித்துச் சிணுங்கியது. பிரவின் ஸ்பேனரோடு நிமிர்ந்து பார்த்தான்.

“மூட்டு ஆட்டம் காணுது” என்றாள் அழகுமீனா. “நான் தினம் பாக்குற சரக்கு, எனக்குத் தெரியாதா? இது ஆகாது. திருப்பிருவோம்.”

“நல்லாத்தானக்கா இருக்கு?”

“சொன்னாக் கேளு.”

அவள் போனை எடுத்து அங்கேயே ரிட்டன் போட்டாள். காரணம் கேட்டது. ஒரு வரிசை வந்தது. ஒன்றை அமுக்கிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆள் வந்து எடுக்க நாளாகும், நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தர்ஷினியின் பழைய சேலை ஒன்றில் தூளி கட்டினார்கள். அழகுமீனா பிள்ளையை அதில் போட்டு, காதோரம் குனிந்து, நிறைமதி என்று மூன்று முறை சொன்னாள். எல்லாரும் தொட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். “எங்க அக்கா கிடங்குல இருக்கப்போயி கண்டுபிடிச்சா” என்று பிரவின் ஒவ்வொருவரிடமும் சொன்னான். “வேற வீடா இருந்தா பிள்ளையப் போட்டிருப்பாங்க.” அந்த வாக்கியத்தை அவள் அன்று பலமுறை கேட்க வேண்டியிருந்தது.

பிரித்துக் கட்டிய தொட்டில் அவள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. கொண்டுபோய் உண்மையாகவே நொறுக்கிவிடலாம் என்று யோசித்தாள். அப்போது ஜெசிந்தாவிடம் சொன்னது பொய்யில்லை என்று ஆகும். அதை யோசித்ததற்காகவும் வெட்கப்பட்டாள்.

மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள்.

“கப்பலூர்ல இருந்து பேசுறேன். அழகுமீனா. அன்னைக்குச் சொன்னது தப்பு. தொட்டில் இருக்கு.”

மறுமுனையில் எங்கோ குக்கர் விசிலடித்தது.

“இருக்கா?” என்றாள் ஜெசிந்தா.

“கொண்டாறேன்.”

ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் கண்டக்டர் தொட்டில் கட்டைப் பார்த்து லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். “தொட்டிலாம்மா? பேரனா, பேத்தியா?” என்று கேட்டார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

மேட்டுப்பட்டி வீட்டில் ஜெசிந்தா மட்டும் இருந்தாள். கணவன் ஷிப்டுக்குப் போயிருந்தான். கட்டை அவிழ்க்கும் முன்பே அவள் விரல் தொட்டில் காலின் முனையைத் தேடிப் போயிற்று. புள்ளிகளைக் கட்டைவிரலால் தடவினாள்.

“இதேதான்.”

“ஆமா.”

“நொறுக்குறதைப் பார்த்தேன்னீங்க.”

“நொறுக்குறதில்ல. வேற நம்பர் ஒட்டி, புதுசுன்னு வித்துருவோம். நான்தான் ஒட்டினேன்.”

திட்டு விழும் என்று அழகுமீனா காத்திருந்தாள். ஆனால் ஜெசிந்தாவின் முகம் மாறியது வேறு மாதிரி. யாரோ விளக்குப் போட்டதுபோல இருந்தது.

“அப்ப யார் வீட்லயோ இருந்திருக்கு. யார் வீட்ல?”

“என் தம்பி வீட்ல.”

“பிள்ளை இருக்கா?”

“பொம்பளப் பிள்ளை. நேத்துத்தான் பேர் வச்சோம்.”

“இதுல தூங்குச்சா?”

“இல்ல.”

“ஏன்?”

அழகுமீனா அவிழ்ந்த கயிற்றைச் சுருட்டினாள். ஜெசிந்தா எழுந்து போனை எடுத்துவந்து தொட்டிலின் அடியில் காட்டினாள். இந்தத் திரையில் யாரும் டேப் ஒட்டியிருக்கவில்லை. அவள் மெதுவாக, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதைப்போல வாசித்தாள்.

“தயாரிப்பு, கோவை. புதிது. முதல் வீடு, மதுரை, ஆனையூர். திருப்பிய காரணம், குழந்தைக்கு ஏற்றதல்ல.”

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“இது நீங்க போட்டதா?”

“வரிசையில இருந்துச்சு. ஏதோ ஒண்ணை அமுக்கினேன்.”

“நானும் அதே வரிசையைப் பார்த்தேன். ‘இனி தேவையில்லை’ன்னு போட்டேன். அதுல பொய் இல்ல.” போனைத் தள்ளி வைத்தாள். “இந்த மாதிரி எத்தனை வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்க?”

“கணக்கில்ல.”

“அந்த வீட்டுக்கெல்லாம் ஓடிப்போய்த் தூக்கிட்டு வந்தீங்களா?”

தெருவில் காய்கறி வண்டி விலை சொல்லிக்கொண்டு போனது. அழகுமீனா தரையின் மொசைக் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு பூ பாதி உடைந்து சிமெண்ட் பூசியிருந்தது.

“உங்களுக்குத் திருப்பிக் குடுக்கணும்னுதான்...”

“எனக்கு எதுக்கு? பார்க்க முடியாமத்தான அனுப்புனேன்.” ஜெசிந்தா குரலை உயர்த்தவில்லை. “அன்னைக்கு அவ்வளவு தூரம் எதுக்கு வந்தேன்னு நெனச்சீங்க? திருட்டுத்தனமாவாச்சும் யாருக்காச்சும் வித்திருக்க மாட்டாங்களான்னுதான். எங்கயோ ஒரு பிள்ளை இதுல தூங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நொறுக்குனதைப் பார்த்தேன்னீங்க. சரின்னு வந்துட்டேன். இப்ப இருக்குங்கிறீங்க. இருந்தும் உங்க பிள்ளைக்கு ஆகாதுங்கிறீங்க.”

“அப்பிடி நெனைக்கல.”

“வேற எப்பிடி நெனச்சீங்க?”

ஜெசிந்தா உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு தொட்டிலின் கால்களை எண் வரிசையில் அடுக்கி, பழையபடி கயிறு சுற்றினாள். அவிழ்த்ததைவிட இறுக்கமாகக் கட்டினாள்.

“எடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு அது ஒரு நிமிஷ வேலைதான? இன்னொரு நம்பர் ஒட்டி யார் வீட்டுக்காச்சும் அனுப்பிருங்க. நம்பரை மட்டும் எனக்குச் சொல்லுங்க. திரும்பி வராம இருக்கான்னு சாயங்காலம் பார்த்துக்கிறேன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. கட்டைப் பக்கத்து இருக்கையில் சாய்த்து வைத்துக்கொண்டாள். போனில் போய் ரிட்டனை ரத்து செய்தாள். ‘திருப்புவது கைவிடப்பட்டது’ என்று புதிதாக ஒரு வரி சேர்ந்தது. மேலே ‘குழந்தைக்கு ஏற்றதல்ல’ என்ற வரி அப்படியே நின்றது.

ஒரு நிமிட வேலைதான். ஹீட் கன், நகம், தின்னர், பிரிண்டர். புதிது என்று வரும். யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருவன் சம்மணமிட்டு உட்கார்ந்து, கம்பெனிக்காரன் புள்ளி வைத்திருக்கிறான் என்று மனைவியிடம் சிரிப்பான். ஜெசிந்தா கேட்டதும் அதுதான். அவளே கேட்டபின் பாவம்கூட இல்லை. பானுவிடம் சொன்னால் அதையேதான் சொல்வாள்.

ஆனால் ஜெசிந்தா ஒவ்வொரு சாயங்காலமும் பார்க்கப்போகிற வீட்டில் இருப்பவர்களுக்கு, தங்களை ஒருத்தி பார்க்கிறாள் என்று தெரியாது. எதற்காகப் பார்க்கிறாள் என்றும் தெரியாது. அதைச் சொல்லி, அதன்பிறகும் தொட்டிலை வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்கக்கூடிய வீடு ஒன்றே ஒன்றுதான் அழகுமீனாவுக்கு இருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அவளைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறார்கள்.

ஆரப்பாளையத்தில் இறங்கியதும் கப்பலூர் பக்கம் போகும் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவர் அவள் கட்டைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். அவள் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, ஆனையூருக்கு ஆட்டோ பிடித்தாள்.

தர்ஷினிதான் கதவைத் திறந்தாள். பிள்ளை அவள் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தது. கட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“அதுக்குள்ள மாத்தி வாங்கிட்டீங்களா மதினி? இது புதுசா?”

அழகுமீனா கட்டைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். அதற்குமேல் செய்ய வேறு வேலை இல்லை.

“இல்ல” என்றாள்.